நாற்பது பேர், நூறு கட்டுரை

எங்கள் இயக்குநரின் ஆராய்ச்சிச் சாதனைப் பட்டியலை ஒன்பது வருஷமாக நான்தான் அடித்துக் கொடுக்கிறேன். முதலில் தட்டச்சு எந்திரத்தில், அப்புறம் கம்ப்யூட்டரில். உணவுக்குழாய்ப் புற்றுநோயின் மூலக்கூறு மரபணுவியலில் நான் பிழையில்லாமல் அடிக்காத வார்த்தை கிடையாது. அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், பெரியவர்களைக் கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

இந்த 2007 கார்த்திகையில் அரியலூரை மறுபடியும் தனி மாவட்டம் ஆக்கியிருக்கிறார்கள். செய்தி வந்த அன்றே இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "புவனேஸ்வரி, பட்டியலில் இரண்டு இடம் விட்டு வையுங்கள்" என்றார். விட்டு வைத்தேன். மாவட்டம் பிரிந்தால் கட்டுரை வரும் என்பது எங்களுக்குப் பழக்கம்தான். அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மாயவன் ஞாபகத்துக்கு வந்துவிட்டார். அன்றைக்கு வேலை ஓடவில்லை.

பெரம்பலூர் நாலு ரோட்டுப் பக்கம், முகூர்த்தம் அமையாமல் படுத்துப்போன ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் மையம் நடக்கிறது. மூலக்கூறு மரபணுவியல் உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆய்வு மையம் என்று வாசலில் இரண்டு வரிக்குப் பலகை. பஸ்ஸில் வருகிறவர்கள் தொண்டை ஆபீஸ் என்று சொல்லி இறங்குவார்கள். சமையல்கட்டு ஆய்வுக்கூடம் ஆகிவிட்டது. பந்தி நடந்த கூடத்தில் நோயாளிகள் உட்காரப் பெஞ்சு போட்டிருக்கிறது. இயக்குநர் முனைவர் முத்துவேல் இருப்பது மணமகள் அறையில். கதவுக்கு மேல் அந்தப் பெயர் சிவப்புப் பெயிண்டில் இன்னும் இருக்கிறது. அழிப்பதற்கு விதிப்படி மூன்று பெயிண்டர்களிடம் விலைப்புள்ளி வாங்க வேண்டும். ஊரில் இரண்டு பேர்தான் எழுதிக் கொடுக்கச் சம்மதித்தார்கள்.

இயக்குநர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். யாரையும் ஒருமையில் கூப்பிட்டதில்லை. கோபம் வந்தால்கூட மேடைத் தமிழில்தான் வரும். பி-ஐம்பத்து மூன்று என்ற மரபணு பழுதானால் தொண்டைக்குக் கீழே என்னென்ன நடக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆறு வருஷம் முன்னால் அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், நூறு கட்டுரை. நூறு ஆகிவிட்டால் எங்கள் மையம் சிறப்புநிலை மையம் ஆகும். ஆகிவிட்டால் தொகுப்பூதியத்தில் கிடந்த நாங்கள் பதினோரு பேரும் நிரந்தரம் ஆவோம். அதனால் அந்த நூறு எங்களுக்கும் வேண்டியிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் என்னை நல்லவள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நோயாளிகள் மொத்தம் நாற்பது பேர். நாற்பதுக்கு மேல் சதைத் துண்டு வைக்க ஐஸ்பெட்டியில் இடம் இல்லை. நாற்பது பேரை வைத்துக்கொண்டு நூறு கட்டுரை எப்படி என்று வெளியாட்கள் கேட்பார்கள். வெற்றிலை போடுகிறவர்களைப் பற்றி ஒன்று, போடாதவர்களைப் பற்றி ஒன்று, போட்டு நிறுத்தியவர்களைப் பற்றி ஒன்று. பெண்களைப் பற்றி ஒன்று எழுதினோம். அதில் ஆண்களைக் கழித்த முறையைப் பற்றித் தனியாக இன்னொன்று. 2001 ஜனவரியில் அரியலூர் முதல் தடவை தனி மாவட்டம் ஆன பிறகு, இதே நாற்பது பேர் பெரம்பலூர்க்காரர்கள், அரியலூர்க்காரர்கள் என்று இரண்டாகப் பிரிந்து இரண்டு கட்டுரை ஆனார்கள். இரண்டு தரப்பையும் ஒப்பிட்டு மூன்றாவது வந்தது. இப்படித்தான் வண்டி ஓடியது.

நாற்பதில் காலியான சில இடங்களை நிரப்ப, அந்த வருஷம் தை மாசக் கடைசியில் செந்துறையில் இலவச முகாம் போட்டோம். விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களுக்குக் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்தார்கள். எடுத்த சதையில் பாதி வைத்தியத்துக்கு, பாதி ஆராய்ச்சிக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. துண்டு சிறியதாக இருந்தால் பாதியாக்க முடியாது, முழுவதும் ஆராய்ச்சிக்கு என்று மையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லாத் துண்டும் சிறியதாகவே இருந்தது.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாயவன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கொத்தனார். ஐம்பது வயசு இருக்கும், நகக்கண்ணில் சிமெண்ட். செந்துறைக்குப் பக்கத்துக் கிராமம்.

"மேடம், முகாம்ல என் சம்சாரத்துக்குக் கொழாய் வுட்டுச் சதை எடுத்தாங்க. அந்த ரிசல்ட்டு காகிதம் வேணுங்க. கரண்டு வைக்கிற ஆஸ்பத்திரில வாங்கியாரச் சொல்லிட்டாங்க."

கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் கரண்டு வைக்கிறது என்பார்கள். அந்தக் காகிதம் இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியிலும் அதை ஆரம்பிக்க மாட்டார்கள்.

"மறுபடி அங்கேயே சதை எடுத்துப் பார்க்கலாமே?" என்றேன்.

"அவ மாட்டேங்குறாங்க. மொதத் தடவ கொழாய் வுட்டப்பவே ரத்தமா வாந்தி எடுத்துட்டா. அந்த டாக்டரும், எடுத்தாச்சில்ல, மறுக்கா எதுக்கு குத்தணும், போயி வாங்கிட்டு வாய்யான்னு சொல்றாரு. நாயந்தானுங்களே?"

"அவங்க பேரு?"

"செங்கமலம். நம்பரு முப்பத்தேழு. கையில ஸ்கெட்ச்சு பேனாவுல எழுதி வுட்டாங்க, எத்தினி குளிச்சும் போவல."

முப்பத்தேழாம் வரியை அதற்கு முந்தின வாரம்தான் அடித்திருந்தேன். எனக்குத் தெரியும். ஆனால் சொல்கிற அதிகாரம் எனக்கு இல்லை. இயக்குநரிடம் அழைத்துப் போனேன்.

இயக்குநர் எழுந்து நின்று கைகூப்பி, நாற்காலி காட்டி, தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகுதான் முகம் மாறியது.

"ஐயா, முப்பத்தேழு என்னும் எண் தங்களுக்கு எவ்வாறு தெரிந்தது? நோயாளி இன்னார் என்பது ஒருவருக்கும் தெரியக் கூடாது. அது நோயாளியின் பாதுகாப்புக்காக."

"நான் அவ வூட்டுக்காரங்க."

"அப்படியானால் தங்களுக்கு அறவே தெரியக் கூடாது."

மாயவன் என்னைப் பார்த்தார். நான் ஃபைலைப் பார்த்தேன்.

இயக்குநர் பொறுமையாக விளக்கினார். இதழ்கள் புதிய செய்தியைத்தான் அச்சிடும். ஒரு முடிவை ஏற்கெனவே வெளியே ஒருவருக்குச் சொல்லிவிட்டால் அது பழையதாகிவிடுகிறது. "தங்கள் துணைவியாருக்கு என்ன நோய் என்று தங்களுக்கு எழுதிக் கொடுத்தால், அது வெளியீடு ஆகிவிடுகிறது. ஒருமுறை வெளியானதை மறுமுறை வெளியிட எந்த இதழ் ஏற்கும்? ஒரு நோயாளியை இழப்பது ஒரு குடும்பத்துக்கு இழப்பு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு தரவு கைவிட்டுப் போவது மனித குலத்துக்கே இழப்பு. தாங்கள் சற்று எண்ணிப் பாருங்கள்."

மாயவன் எண்ணித்தான் பார்த்தார். பிறகு, "அப்ப எப்பங்க கெடைக்கும்?" என்றார்.

"கட்டுரை வெளியானதும் தாங்களே வாங்கிப் படிக்கலாம். ஆங்கிலத்தில் இருக்கும்."

அடுத்த செவ்வாயும் வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். ஒவ்வொரு முறையும் வாசலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து போட்டுவிட்டு, கூடத்துப் பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார். சில நாள் செங்கமலமும் வருவார். சின்ன உருவம், கூர்மையான பேச்சு. சித்திரையில் அவர் இட்லியைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் என்னிடம் வந்து, "பாப்பா, என் தொண்டைச் சதைய நீங்களே வச்சிக்கங்க. எனக்குக் காகிதம் மட்டும் போதும்னு உங்க சாருட்ட சொல்லு" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், சிரித்ததில் இருமல் வந்து வெகுநேரம் நிற்கவில்லை.

மே மாதத்தில் ஒரு வழி பிறந்தது. செந்துறை இப்போது அரியலூர் மாவட்டம், ஆகவே முப்பத்தேழாம் எண்ணின் மீது பெரம்பலூர் மையத்துக்கு அதிகாரம் இல்லை என்று கணக்குப் பிரிவில் யாரோ கண்டுபிடித்தார்கள். அரியலூரில் எங்களுக்குக் கிளை திறந்தாகிவிட்டது. ஃபைல் அங்கே போகும், அங்கே போய்க் கேளுங்கள் என்று எழுத்தில் கொடுத்தோம். மாயவனுக்குக் கையில் கிடைத்த முதல் காகிதம் அதுதான். அதை மடிக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

அரியலூர்க் கிளை என்பது ஒரு பலகை, ஒரு பூட்டிய அறை, வெளியே நாற்காலியில் நடராசன். நடராசன் கடைநிலை ஊழியர், அந்தக் கிளையின் கடையும் தலையும் அவர்தான். ஃபைல் பெரம்பலூரிலிருந்து கிளம்பிவிட்டது என்று எங்களிடம் பதிவு இருந்தது. அரியலூருக்கு வரவில்லை என்று அவரிடம் பதிவு இருந்தது. நடுவில் ஒரு மணி நேர பஸ் பயணம். அதைக் கடக்க ஃபைலுக்கு ஆவணி பிறந்துவிட்டது.

அதற்குள் மாயவன் ஒன்பது தடவை போய் வந்திருந்தார். ஃபைல் வந்த பிறகு நடராசன் சொன்னதை மாயவன் என்னிடம் அப்படியே சொன்னார். "கவரு வந்துடுச்சு, அந்தா அலமாரில இருக்குது, கண்ணால பாத்துக்கன்னு காட்டுனாருங்க. நல்ல மனுசன். ஆனா அதப் பிரிக்கிறதுக்குக் கெசட் ஆபீசர் வேணுமாம். இன்னும் போடலயாம். போட்டா தந்தி அடிக்கிறேன்னாரு."

செங்கமலம் அப்போது கஞ்சிக்கு வந்துவிட்டிருந்தார்.

நான் அன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். மாயவனைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். "சந்தேகமே இல்லைங்க. புற்றுநோய்தான். சீக்கிரமே போய்க் கரண்டு வைக்கச் சொல்லுங்க." பெரிய துரோகம் செய்துவிட்ட மாதிரி, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது எங்களுக்கே தெரியுங்க மேடம். ஆஸ்பத்திரி டாக்டருக்கும் தெரியும். காகிதந்தான் வேணும்." பிறகு என் சங்கடத்தைப் பார்த்து, "நீங்க சொன்னதே பெருசு" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

நானே ஒரு வெள்ளைத்தாளில் அடித்து, சீல் குத்திக் கொடுத்திருக்கலாம். சீல் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. இதை ஆயிரம் தடவை யோசித்துவிட்டேன். அப்போது பட்டியலில் தொண்ணூற்று நாலு ஆகியிருந்தது. இன்னும் ஆறுதான் பாக்கி.

புரட்டாசியில் பின்தொடர்தல் பிரிவு விழித்துக்கொண்டது. நோயாளிகள் இருக்கிறார்களா, போய்விட்டார்களா என்று விசாரித்துப் பதிவு செய்கிற பிரிவு அது. மணமகன் அறையில் அன்பழகன் என்ற அலுவலர் அதைக் கவனித்துக்கொண்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கார்டு போகும். நலம், சுமார், மறைவு என்று மூன்று கட்டம். ஒன்றில் டிக் அடித்து நோயாளி தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். முப்பத்தேழாம் எண்ணிடமிருந்து ஒரு கார்டும் வரவில்லை என்று அன்பழகன் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார்.

வராததற்குக் காரணம் எளிது. தபால்காரர் அந்த ஊருக்குச் செவ்வாய்க்கிழமை வருவார். கார்டு வந்த செவ்வாய்க்கிழமைகளில் புருஷனும் பெண்டாட்டியும் எங்கள் பெஞ்சில் இருந்தார்கள். கடைசியில் கார்டைப் பக்கத்து வீட்டில் வாங்கி, மாயவன் நேரே கொண்டுவந்து அன்பழகன் மேசையில் வைத்தார். சுமார் என்ற கட்டத்தில் டிக்.

"இதக் கையில வாங்கக் கூடாதுங்க" என்றார் அன்பழகன். "தபால்ல வந்தாத்தான் தொடர்பு. கையில குடுத்தா அது சந்திப்பு. சந்திப்புக்கு வாசல்ல நோட்டு இருக்குல்ல, அதுல கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேங்க. வாராவாரம் போடுறேன்."

"அது செக்யூரிட்டி நோட்டு. எங்க பிரிவுக்கு வராது."

மாயவன் வெளியே போய், எங்கள் வாசலுக்கு எதிரே இருக்கிற தபால்பெட்டியில் கார்டைப் போட்டார். மூன்றாம் நாள் அது வந்து சேர்ந்தது. அன்பழகன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முத்திரையைப் பார்த்தார். பெரம்பலூர் முத்திரை. நோயாளி வசிப்பது அரியலூர் மாவட்டம், கார்டு கிளம்பியது பெரம்பலூர் மாவட்டம், ஆகவே நோயாளி அனுப்பியதாகக் கொள்ள இயலாது என்று எழுதி, கார்டைப் பத்திரமாகக் கோப்பில் வைத்தார். அன்பழகனும் கெட்டவர் இல்லை. பத்து வருஷத்தில் ஒரு தணிக்கை ஆட்சேபம்கூட வாங்காதவர்.

ஐப்பசியில் நூறுக்கான ஏற்பாடு ஆரம்பமாயிற்று. சிறப்புநிலை கொடுக்கிற மதிப்பீட்டுக் குழு வரும்போது சாதனைகளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இயக்குநர் விரும்பினார். மண்டபத்தின் பின்புறம், முன்பு பாத்திரம் கழுவிய இடத்தில், சாதனை அரங்கம் கட்டத் தீர்மானம் ஆயிற்று. யாரைக் கூப்பிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் இருந்த மாயவன் மீது இயக்குநரின் பார்வை விழுந்தது.

"தாங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?"

"கொத்து வேலைங்க."

"எவ்வளவு காலமாக இங்கே வீணாக அமர்ந்திருக்கிறீர்கள்! முன்னமே சொல்லியிருக்கலாமே!"

மாயவன் மறுக்கவில்லை. உள்ளேயே வேலை என்றால் காகிதத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிற மாதிரி என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு சித்தாளைச் சேர்த்துக்கொண்டு மறுநாளே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார். செவ்வாய்க்கிழமை மட்டும் வந்தவர் இப்போது தினமும் வந்தார்.

சுவர் எழும்பியதும் அலமாரிக்கு அளவு கேட்டார். "கான்கிரீட் தட்டு போடணுங்க. சாதன எத்தினி அடி வரும்?"

இயக்குநருக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போய்விட்டது. பெரிய பெரிய குழுக்கள்கூட இப்படி நேராகக் கேட்டதில்லை என்றார். கட்டுரைகளை அடுக்கி அளக்கச் சொன்னார். நானும் மாயவனும் அவருடைய டேப்பை வைத்து அளந்தோம். ஒவ்வொன்றும் ஐந்தாறு தாள். தொண்ணூற்று ஏழையும் சேர்த்து அடுக்கினால் இரண்டு அடி தேறவில்லை. இயக்குநர் வெகுநேரம் அந்த அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருபத்திரண்டு அடி போடுங்கள். அறிவு வளரும்" என்றார் கடைசியில்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் கெட்டி அட்டை போட்டு, முன்னும் பின்னும் வெள்ளைத்தாள் வைத்துப் பைண்டு செய்தோம். அது ஒரு மாத வேலை. செங்கமலம் அப்போது வருவதை நிறுத்திவிட்டார். மோர்தான் இறங்குகிறது என்று மாயவன் சொன்னார். கார்த்திகையில் மனசு தேறி, மறுபடி குழாய் விட்டுச் சதை எடுக்கட்டும் என்று செங்கமலமே சம்மதித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். குழாய் போகவில்லை. வழி அடைத்துவிட்டது. ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தால் என்று அந்த டாக்டர் ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டாராம்.

"அப்பறம் ஏன் சார் இங்க வந்து வேலை பார்க்குறீங்க?" என்று நானே ஒருநாள் கேட்டுவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"காகிதம் இருந்தா அடைச்சிருந்தாலும் வெளியிலேருந்து கரண்டு வச்சுப் பாக்கலாங்குறாரு மேடம். முழுசா இல்லன்னாலும் தண்ணி எறங்குற அளவுக்கு" என்றார். "தண்ணி எறங்குனா போதும்னு அவ கேக்குறா."

நான் இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் அவரிடம் குரல் உயர்த்தியது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "நூறாவது கட்டுரை இதழாசிரியரிடம் இருக்கிறது, புவனேஸ்வரி. அதில் முப்பத்தேழும் உண்டு. இந்தத் தருணத்தில் வெளியே விட்டால் தொண்ணூற்று ஒன்பதில் நின்றுவிடுவோம். பதினோரு குடும்பங்கள் இருக்கின்றன. தங்களுடையதும் அதில் ஒன்று." என் குடும்பத்தைச் சொன்னதும் நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

பங்குனி நடுவில் செங்கமலம் இறந்துபோனார். அதே வாரம் அரியலூர் மாவட்டத்தைக் கலைத்துப் பெரம்பலூரோடு மறுபடி சேர்த்துவிட்டார்கள். நடராசன் பலகையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, பிரிக்காத கவரை இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். அந்தச் சேர்க்கையில் எங்களுக்கு இன்னொரு கட்டுரைக்கு விஷயம் கிடைத்தது.

மாயவன் மூன்று வாரம் வரவில்லை. பிறகு ஒரு காலையில் பூச்சுக் கரணையோடு வந்து நின்றார். மொட்டைத்தலையில் மயிர் முளைத்திருந்தது. "உள்பூச்சு பாதியில நிக்குதுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அன்பழகனிடம் போய், முப்பத்தேழு தவறிவிட்டார், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். "தபால் வந்துச்சா?" என்று கேட்டார். வரவில்லை.

வைகாசியில் சாதனை அரங்கம் திறப்பு விழா. நூறாவது கட்டுரை வெளியாகியிருந்தது. மதிப்பீட்டுக் குழுவிலிருந்து மூன்று பேர் வந்து, இருபத்திரண்டு அடியையும் நடந்து பார்த்தார்கள். எதையும் எடுத்துப் பிரித்துப் பார்க்கவில்லை, ஆனால் ஒருவர் தட்டைக் கையால் தட்டிப் பார்த்து, நல்ல கட்டுமானம் என்றார். மேடையிலேயே சிறப்புநிலை அறிவித்தார்கள். பதினோரு பேரும் நிரந்தரம் என்றார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இயக்குநர் பேச எழுந்தார். நூறாவது கட்டுரையின் சாரத்தைத் தமிழில் சொன்னார். "நாற்பது நோயாளிகள். அவர்களுள் முப்பத்தொன்பது பேரை இமைப்பொழுதும் அகலாது கண்காணித்தோம். ஒருவர் மட்டும், முப்பத்தேழாம் எண், நாங்கள் எவ்வளவோ முயன்றும் தொடர்பற்றுப் போய்விட்டார். எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார், யாமறியோம். நம் மக்களின் அலட்சியத்தை என்னவென்பது! வீடு தேடிக் கார்டு அனுப்பினோம். ஒரு டிக் அடிக்க மனம் இல்லை. அறிவியலுக்கு இவர்கள் ஒத்துழைக்கும் நாள் எந்நாளோ!"

சபை உச்சுக்கொட்டியது.

புதுக் கட்டடம் திறந்தால் கொத்தனாருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து மரியாதை செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். அடுத்து அதுதான் நிகழ்ச்சி. மாயவனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இயக்குநர் தம் கையாலேயே பொன்னாடை போர்த்தி, தட்டைக் கொடுத்து, "இரண்டு வார்த்தை பேசுங்கள்" என்று மைக்கை நீட்டினார்.

மாயவன் மைக்கை வாங்கத் தயங்கினார். பிறகு வாங்கினார்.

"அய்யா, அந்த முப்பத்தேழு என் சம்சாரங்க. செங்கமலம். நாங்க எங்கியும் போவல. ஒரு வருசமா இங்கதான் இருந்தோம். அவ செத்து அம்பத்தி மூணு நாளாச்சுங்க. இதத்தான் சொல்லணும்னு."

இயக்குநர் முகத்தைப் பார்த்தேன். ஒரு கணம் அங்கே மனுஷனுக்கு வர வேண்டியது ஏதோ வந்த மாதிரிதான் இருந்தது. அது வேறொன்றாக மலர்ந்துவிட்டது.

"கிடைத்துவிட்டார்!" என்றார் மைக்கில். "பெருமக்களே, நாற்பதில் நாற்பது! முழுமை! உலகில் எந்த ஆய்விலும் காணக் கிடைக்காத முழுமை! புவனேஸ்வரி, மறைந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். திருத்தம் என்று தனியாக அனுப்புவோம். அது நூற்று ஒன்று!"

மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் முதலில் கை தட்டினார். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். எழுந்து நின்றே தட்டினார்கள். மாயவன் பொன்னாடையோடு நடுவில் நின்றுகொண்டு, எதற்குத் தட்டுகிறார்கள் என்று தெரியாமல் அவரும் கைகூப்பினார். நான் மேடைக்குப் போய்த் தேதியைக் கேட்டேன். சொன்னார். உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன், தாள் கொண்டுபோகவில்லை.

இயக்குநருக்கு அன்றைக்கு மனம் நிறைந்திருந்தது. மாயவன் இறங்கும்போது அவர் தோளைத் தொட்டு, "கட்டுரை வெளியாகிவிட்டது ஐயா. இனித் தடை ஏதும் இல்லை. தாங்கள் கேட்ட முடிவைத் தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். புவனேஸ்வரி, உடனே கொடுங்கள்" என்றார்.

உள்ளே போனேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். முப்பத்தேழாம் வரியைத் திறந்து அடித்தேன். இழுப்பறையிலிருந்து சீலை எடுத்துக் குத்தினேன். இயக்குநரின் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தபோது மாயவன் பந்தல் ஓரத்தில், தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பொன்னாடையை மடித்துத் தட்டில் வைத்திருந்தார்.

காகிதத்தைக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "படிங்க மேடம்" என்றார்.

படித்தேன். "செங்கமலம், வயது நாற்பத்து நாலு. உணவுக்குழாயின் நடுப்பகுதியில் புற்று உறுதி. கதிர்வீச்சு சிகிச்சையை உடனே தொடங்கலாம். முடிவு தெரிந்த நாள், இருபத்தேழு, இரண்டு, இரண்டாயிரத்து ஒன்று."

"அம்புட்டுதானா?"

"அவ்வளவுதாங்க."

அப்புறம்தான் வாங்கினார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஒன்றும் இல்லை. சீல் இன்னும் ஈரமாக இருந்ததால் அதில் கை படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு சுவர் எழுப்ப எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்கிற குரலில், என்னிடம் கேட்டார்.

"இத அடிக்க எவ்ளோ நேரம் ஆச்சுங்க?"

"பத்து நிமிஷம்."

"சீல் வைக்கிறதுக்கும் சேத்தா?"

"சேர்த்துத்தான்" என்றேன்.